இரட்டை வேகத்தில் ஒரு வாய்தா

ஒரே தட்டில் வந்த நாற்பது ப்ராசசர்களும் ஒரே மாதிரி இருக்காது என்பதை நம்புகிறவர்கள்தான் என் கடைக்கு வருவார்கள். நம்பாதவர்கள் கம்பெனி ஷோரூமுக்குப் போய், ஏசிக் காற்றில் உட்கார்ந்து, அட்டைப் பெட்டியில் என்ன வேகம் அச்சடித்திருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொஞ்சம் பரிதாபம் உண்டு.

சென்னை ரிச்சி தெருவில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது பொறுக்குகிற வேலை. கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் செய்கிறான். ஆனால் ஒன்றை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் அசையாமல் நிற்கும். பக்கத்தில் இருக்கிற இன்னொன்று, கால்வாசி ஏற்றியதுமே உளற ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டுப் பிள்ளைகளே அப்படித்தானே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எது எப்படி என்று தெரியாது. சோதனைப் பலகையில் மாட்டி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, எங்கே உளறுகிறது, எங்கே கொதிக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் அத்தா இதே வேலையைக் கம்ப்யூட்டர்களுக்குச் செய்தார். நான் மனிதர்களுக்குச் செய்கிறேன்.

இப்போதெல்லாம் ஐந்து வயதிலேயே காதுக்குப் பின்னால் இடம் செய்து ப்ராசசரைப் பொருத்திவிடுகிறார்கள். காது குத்துகிற அன்றைக்கே, ஒரே சாப்பாட்டுச் செலவில், இதையும் முடித்துவிடுகிற கெட்டிக்காரக் குடும்பங்கள் உண்டு. வளர வளர மூளை அதன் மேல் சாய்ந்துகொள்கிறது. பிறகு அதன் வேகம்தான் ஆளின் வேகம். பரீட்சைக்குப் படிப்பவர்கள், பங்குச் சந்தைக்காரர்கள், முகூர்த்த மாதத்தில் சமையல் கான்ட்ராக்டர்கள் என்று பலரும் வந்து வேகத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள். காரியம் முடிந்ததும் வந்து இறக்கிக்கொள்வார்கள்.

யுவராஜ் வந்தது வேறு காரணத்துக்கு. கூடவே அவர் மனைவி ஷாலினியும் வந்திருந்தார். யுவராஜ், ஷாலினி என்றெல்லாம் இந்தக் காலத்தில் யார் பெயர் வைக்கிறார்கள்? பெயரைக் கேட்டாலே அறுபதை ஒட்டியவர்கள் என்று தெரிந்துவிடும். யுவராஜ் நாற்காலியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தார்.

“ஆறு மாசம்னு சொல்லிட்டாங்க பாய். கணையத்துல வந்திருக்கு.”

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“நான் அதுக்கு அழ வரல. கணக்குக் கேக்க வந்தேன். ரெண்டு மடங்கு ஏத்தி வெச்சா ஒரு நாளு எனக்கு ரெண்டு நாளாத் தெரியும்ல? அப்ப ஆறு மாசம் ஒரு வருஷம் ஆயிடும். சரியா?”

“சரிதான் சார். ஒடம்புக்கு ஆறு மாசம்தான். மனசுக்கு ஒரு வருஷம்.”

“அது போதும்.”

“ஆனா வாரண்டி போயிடும் சார்.” பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

“எத்தன வருஷம் வாரண்டி?”

“மூணு.”

யுவராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். ஷாலினி அம்மா சிரிக்கவில்லை.

கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். “அந்த ஒரு வருஷத்த வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?”

பதிலுக்கு அவர் பையிலிருந்து ஒரு பெரிய கேஸ் கட்டை எடுத்துக் காட்டினார். வில்லிவாக்கத்தில் அவர் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர். அண்ணன் அதை அரை அடி இவர் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்பது வழக்கு. இருபத்து மூன்று வருடமாக நடக்கிறது.

“தீர்ப்பப் பாத்துட்டுத்தான் போவேன் பாய்.”

“சார், ஒண்ணு சொல்றேன். வேகம் ஏர்றது உங்க தலையில மட்டும்தான். கோர்ட்டு அது பாட்டுக்கு அதே வேகத்துலதான் நடக்கும். ஒரு மாசம் வாய்தா போட்டா உங்களுக்கு அது ரெண்டு மாசம்.”

“இருக்கட்டும். வக்கீல் ஒழுங்காப் படிக்கறதில்ல. நானே எல்லாத்தையும் படிச்சு அவனுக்குச் சொல்லிக் குடுப்பேன். படிக்க நேரம் வேணும்.”

அதுவரை வாயைத் திறக்காத ஷாலினி அம்மா அப்போதுதான் பேசினார். “எனக்கும் ஒரு வருஷம் ஆவுமா பாய்?”

“இல்லம்மா. உங்களுக்கு ஆறு மாசம்தான்.”

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

ஒரு தட்டைப் பிரித்தேன். நாற்பதில் இருபத்தெட்டு, ஒன்றரை மடங்கைத் தாண்டுவதற்குள் விழுந்தன. ஒன்பது, தாண்டியபின் கொதித்தன. மூன்று நின்றன. அந்த மூன்றில் ஒன்று சொக்கத் தங்கம். இரண்டு மடங்கில் அரை மணி நேரம் ஓட்டியும் விரலை வைத்தால் வெதுவெதுப்புதான். என் சர்வீஸில் இப்படி ஐந்தாறுதான் பார்த்திருப்பேன். சந்தோஷமாக எடுத்து நீட்டினேன். யுவராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முதுகில் இருந்த வரிசை எண்ணைக் கூட்டினார்.

“எட்டு வருது பாய்.”

“வந்தா என்ன சார்?”

“எட்டு சனி. எனக்கு ஆகாது. என் வண்டி நம்பர், போன் நம்பர் எதுலயும் எட்டு கெடையாது. வேற எடுங்க.”

ஆறு மாதத்தில் போகப் போகிறவரை எட்டு இன்னும் என்னதான் செய்துவிடும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அடுத்ததைக் கொடுத்தேன். அது ஆறு. சுக்கிரன். பரம திருப்தி அவருக்கு. எனக்கில்லை. சுக்கிரன் இரண்டு மடங்கு ஓடும், ஆனால் சுடும். அதனால் பழையதை எடுத்துவிட்டு இதைப் பொருத்தும்போது, காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவில் செப்புத் தகடு வைத்து, சூடு அதன் வழியாக வெளியே போகும்படி செய்தேன்.

“இந்தத் தகடு மேல காத்து பட்டுட்டே இருக்கணும். எண்ணெ வெக்கக்கூடாது. துண்டு கட்டக்கூடாது. தொப்பி கூடாது.”

இருவரும் தலையாட்டினார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

பத்தாம் நாள் காலை ஷாலினி அம்மாவோடு யுவராஜ் கடைக்குள் வந்த விதத்திலேயே ஏதோ தவறு என்று புரிந்தது. மாடிப்படி ஏறிவர அவ்வளவு நேரம். நான் “வாங்க சார்” என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சுவிட்சை அணைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்கார்ந்த பிறகு “வணக்கம் பாய்” என்றார்.

“நாளு… கிடுகிடுன்னு ஓடுது பாய். காப்பி குடிச்சேன், சாயங்காலம் ஆயிடுச்சு. இருவது நாளு மாதிரி தெரியணும்ல? அஞ்சு நாளு மாதிரிதான் இருக்கு.”

திரும்பி உட்காரச் சொல்லித் தகட்டைப் பார்த்தேன். செம்பே தெரியவில்லை. காய்ந்து இறுகிய சந்தனம், அரை விரல்கடை கனத்துக்கு. நடுவில் அழகாகக் குங்குமப் பொட்டு.

“யாரு வேல இது?”

ஷாலினி அம்மா முழித்தார். “புதுசா வாங்குனது பாய். பொட்டு வெக்காம எப்படி? ஃப்ரிட்ஜ் வாங்கினப்பகூட வெச்சேன். தினம் குளிச்சதும் வெச்சு விடுவேன். நீங்க எண்ணெதான கூடாதுன்னீங்க.”

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சூடு வெளியே போக வழி இல்லையென்றால் ப்ராசசர் கருகிப்போகாமல் இருப்பதற்காகத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது குறைத்துக் குறைத்துச் சாதாரண வேகத்தில் பாதிக்கு வந்து நின்றிருந்தது. இரண்டு மடங்குக்கு ஆசைப்பட்ட மனிதர் பத்து நாளாக அரை மடங்கில் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வேகத்தை ஏற்றினேன். ஏறியதுதான் தாமதம், அவர் வாய் திறந்துகொண்டது.

“பதினஞ்சு நாள முழுங்கிட்டாளே! இருவது வர வேண்டிய எடத்துல அஞ்சு! சந்தனமாம் பொட்டாம்! முப்பத்தாறு வருஷமா இவ இப்படித்தான் பாய்…”

தெருமுனை போகும்வரை அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் ஷாலினி அம்மா தனியாக வந்தார். ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“பாய், அந்தச் சந்தனத்த மறுபடி வெச்சா அவர் உசுருக்கு ஏதாவது ஆவுமா?”

“உசுருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா எதுக்கும்மா?”

“அந்தப் பத்து நாளும் அவர் எதிர்ல ஒக்காந்து நான் பேசறதக் கேட்டாரு பாய். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு கதைய ஆரம்பிச்சு முடிச்சது இந்தப் பத்து நாள்லதான். எங்க காலேஜ் பஸ்சு கவுந்துது. நான் ஜன்னல் வழியா நாலு பேர வெளிய இழுத்துப் போட்டேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது. போன வாரம்தான் முழுசாச் சொன்னேன். ஒரு வார்த்த குறுக்க பேசல.”

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவர் பாதி வேகத்துல இருந்தாரு. குறுக்க பேச அவருக்கு எடம் கெடைக்கல. அவ்ளோதான்.”

“எதுவா இருந்தா என்ன பாய். கேட்டாருல்ல.”

“அது அவரோட நேரம்மா. இருக்கறதே ஆறு மாசம். அவருக்குத் தெரியாம அதப் பாதியாக் கொறைக்க என்னால முடியாது.”

“என்னோட முப்பத்தாறு வருஷம் எங்க போச்சுன்னு எந்தக் கடையிலயும் யாரும் கேக்கலயே பாய்.”

ஷாலினி அம்மா எழுந்துகொண்டு, “நான் வந்தத அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

“ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் இந்தக் கடையில கெடையாதும்மா.”

இதை நான் அடிக்கடி சொல்வேன். சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும்.

இரண்டு மாதம் கழித்து யுவராஜ் தனியாக வந்தார். பாதியாக இளைத்திருந்தார், ஆனால் பேச்சு மட்டும் பட்டாசு. நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் கடையில் இருக்கும் காலண்டர், மின்விசிறி, பல்லி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

“கேஸ் கட்டு மொத்தத்தையும் நாலு நாள்ல படிச்சு முடிச்சிட்டேன் பாய். மிச்ச நாளு பூரா ஃபேனப் பாத்துட்டு ஒக்காந்திருக்கேன். தோசை வேகறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது. வக்கீல் தொண்டைய செருமறதுக்குள்ள நான் தீர்ப்பே எழுதிடுவேன். கடைசி வாய்தாவ மூணு மாசம் தள்ளிப் போட்டிருக்கான். எனக்கு அது ஆறு மாசம்!”

“நான் மொதல்லயே சொன்னேன் சார்.”

“சொன்னீங்க. நான் எங்க கேட்டேன்.” சற்று நிறுத்தினார். அவர் வேகத்துக்கு அது பெரிய நிறுத்தமாக இருந்திருக்க வேண்டும். “கொறைச்சிடுங்க பாய். அந்தச் சந்தனப் பத்து நாள்ல இருந்துச்சே, அந்த வேகத்துக்கு.”

“சார், அது பாதி வேகம். இருக்கற நாளு இன்னும் பாதியாத் தெரியும்.”

“தெரியட்டும். அந்தப் பத்து நாளு நல்லா இருந்துச்சு பாய். அப்பத் தெரியல. இந்த ரெண்டு மாசமா யோசிக்கறதத் தவிர வேற வேலயே இல்ல பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. அவ ஒரு பஸ்சு கவுந்த கதை சொன்னா. நாலு பேரக் காப்பாத்தியிருக்கா பாய். முப்பத்தாறு வருஷமா அது எனக்குத் தெரியாது. அத இன்னொரு தரம் கேக்கணும்.”

அவர் மனைவியும் இதையேதான் கேட்டு வந்தார் என்று சொல்லத் துடித்தேன். பழக்கம் தடுத்தது.

வேகத்தைக் குறைக்க ப்ராசசரை வெளியே எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு நாளு மட்டும் ரெண்டு மடங்குல ஓடற மாதிரி தேதி போட்டு வெச்சிடுங்க. வாய்தா அன்னிக்கு.”

அதானே பார்த்தேன் என்று நினைத்தேன். சுவர் யாரை விட்டது.

“கோர்ட்டுல பேசறதுக்கா சார்?”

“கோர்ட்டுக்குப் போவப் போறதில்ல. இருவத்தி மூணு வருஷத்துல எந்த வாய்தாவுக்கும் நான் வீட்ல இருந்ததில்ல பாய். அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குக்கூட வாய்தாவுக்குப் போயிட்டேன். இந்த ஒண்ண அவளுக்குக் குடுத்துடறேன். காலைல அவ பையெல்லாம் எடுத்து வெப்பா. போவலடி, இன்னிக்குப் பூரா உங்கூடத்தான்னு சொல்லணும். அந்த ஒரு நாளு எனக்கு ரெண்டு நாளா இருக்கணும்.”

“அன்னிக்கு அவங்க பேசறது உங்களுக்கு ரொம்ப மெதுவாத் தெரியும் சார்.”

“எவ்ளோ மெதுவாப் பேசினாலும் கேப்பேன். இப்ப அவகிட்ட சொல்லிடாதீங்க.”

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்கிற பழக்கம் இந்தக் கடையில் கிடையாது என்றேன். தேதியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் படியில் நிதானமாக இறங்கிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் வேகம் விற்று ஒரு குடும்பத்துக்காவது நல்லது செய்திருக்கிறேன் என்ற நினைப்பில் அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது.

அடுத்து ஷாலினி அம்மாதான் வந்தார். ப்ராசசரை ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆள் போய்ப் பதினைந்து நாளாகிவிட்டதாம். இறந்த தேதியைக் கேட்டதும் என் மனசு தன்னால் கணக்குப் போட்டது. பத்து நாள் பாதி வேகம், அறுபது நாள் இரட்டை வேகம், ஒரு வாய்தா நாள் இரட்டை, மற்ற நூற்றுப் பன்னிரண்டு நாளும் பாதி. அவர் மனசுக்கு எத்தனை நாள் என்று கூட்டினால் நூற்று எண்பத்து மூன்று. டாக்டர் சொன்ன அதே ஆறு மாதம்! இத்தனை வித்தையும் காட்டி, அவருக்கு ஒரு நாள்கூட நான் கூட்டித் தரவில்லை.

“கேஸ் ஜெயிச்சிட்டோம் பாய்” என்றார் ஷாலினி அம்மா.

திடுக்கிட்டுப்போனேன். “எப்படிம்மா? சார்தான் கோர்ட்டுக்கு…”

“அவரால எங்க போவ முடியும். எழுந்து நிக்கவே ஆள் புடிக்கணும். வக்கீல் போன் பண்ணி, யாரும் வரலன்னா கேஸத் தள்ளிடுவாங்கன்னாரு. அவர் எனக்குப் பவர் எழுதிக் குடுத்திருந்தாருல்ல, நானே போயிட்டேன். எழுப்பினா நானும் வரேன்னு அடம் புடிப்பாரு. அதான் ஆறு மணிக்கே சத்தம் போடாம கெளம்பினேன். கஞ்சி வெச்சு மூடி, ஃப்ரிட்ஜ்ல சீட்டு ஒட்டிட்டுப் போனேன். கோர்ட்டு வாசல்லயே போன வாங்கி வெச்சுக்கறாங்க. நாலு மணிக்குத்தான் கூப்பிட்டாங்க. அவங்க அண்ணன் பக்கம் யாரும் வரல. அதனாலயே ஜெயிச்சோம். நான் வீடு வந்து சேர ஏழாயிடுச்சு.”

அன்றைக்குத்தான் நான் இரட்டை வேகம் போட்டு வைத்திருந்தேன்.

“சந்தோஷப்படுவாருன்னு ஓடி வந்து பேப்பரக் கைல குடுத்தேன். அதப் பாக்கக்கூட இல்ல பாய். வாங்கிக் கீழ வெச்சிட்டு, ‘ரெண்டு நாளா எங்கடி போயிருந்த?’ன்னாரு. காலைலதான போனேன்னு சொல்றேன், ‘இல்ல, ரெண்டு நாளா உனக்காக ஒக்காந்திருக்கேன்’னாரு. கண்ணுல தண்ணி. கடைசில புத்தி கொழம்பிடுச்சா பாய்? இந்த சிப்பு ஏதாவது பண்ணிடுச்சா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

பழக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வேகத்தை அவரே வந்து கேட்டதையும், பஸ் கவிழ்ந்த கதையையும், அந்த வாய்தாவை யாருக்குக் கொடுக்க நினைத்தார் என்பதையும் சொன்னேன். ஷாலினி அம்மா அழவில்லை. கண்ணாடிப் பெட்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“நான் சந்தனம் வெக்கணும்னு கேட்டு வந்தேனே. அத அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“ஒங்க மேல தப்பில்ல பாய். ஒரே வீட்ல இருந்துட்டு ரெண்டு பேரும் ஒங்ககிட்ட வந்து சொல்லியிருக்கோம்.”

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“காலைல ஏழு மணிக்கு முழிச்சுப்பாரு. நான் சாயங்காலம் ஏழுக்கு வந்தேன். அது அவருக்கு எத்தன மணி நேரம்?”

இருபத்திரண்டு வருடமாக நான் போடுகிற கணக்கு.

“இருவத்தி நாலும்மா.”

“சீட்டுல, சீக்கிரம் வந்துடறேன்னு எழுதியிருந்தேன்” என்றார் ஷாலினி அம்மா.